காப்பி அரவையின் வரலாறும் நம் இல்லத்துத் தேவையும்

தமிழ்க் குடும்பம் ஒன்று வடநாட்டுக்குக் குடிபெயரும்போது தட்டுமுட்டுச் சாமான்களோடு காப்பி பில்டரும் உடன் புறப்படுகிறது. நம் காலனியில் பில்டர் இல்லாத தமிழ் வீட்டைக் காண்பது அரிது. ஆனால் பில்டரில் பொடி விழுவதற்கு முன்னால் நடைபெறும் வேலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வறுத்த கொட்டையைப் பொடியாக்கும் வேலையே அது. காப்பியின் சுவையில் பெரும்பங்கு அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பதை நினைப்பவர் சிலரே.

இப்பொருளைப் பற்றி எழுத இப்போது ஒரு காரணமும் நேர்ந்திருக்கிறது. அண்மைக் காலத்தில் நம் குடியிருப்பில் சில வீடுகளுக்கு எஸ்பிரஸோ இயந்திரங்கள் வந்து சேர்ந்துள்ளன. வெளியூர்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியவை சில. தவணை முறையில் வாங்கியவை சில. வாங்கிய சில நாட்களிலேயே ஒரு குறை எழுகிறது. கடையில் அரைத்த பொடியை இட்டால் காப்பி நீர்த்து ஓடுகிறது. வீட்டு மிக்ஸியில் அரைத்து இட்டால் ஒரு நாள் கசக்கிறது, மறுநாள் புளிக்கிறது. இயந்திரம் மட்டமானது போலும், இதனினும் விலையுயர்ந்தது வாங்கவேண்டும் போலும் என்ற எண்ணம் அடுத்து வருகிறது.

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு இது சிறிய விஷயமன்று. பள்ளிக் கட்டணம், பெரியோரின் மருந்து, ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றுக்கு இடையே பல ஆயிரம் ரூபாயை வேண்டாத இடத்தில் இட்டுவிட்டால், அக்குறையை நிரப்பப் பல மாதங்கள் ஆகும். அடியேன் காப்பித் தொழில் வல்லுநன் அல்லேன். மெட்ரிகுலேஷன் வரை படித்து, இரயில்வே அலுவலகத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா. ஆயினும் காப்பி அரவையின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, பணத்தை எங்கே இடவேண்டும் என்னும் கேள்விக்கு அவ்வரலாறே விடை கூறுவதைக் கண்டேன். அதனை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

உரலும் கைத்திருகும்

காப்பிச் செடியின் பிறப்பிடம் எத்தியோப்பியா. காப்பியைப் பானமாக்கிப் பருகும் வழக்கம் 15ஆம் நூற்றாண்டில் செங்கடலுக்கு அப்பாலுள்ள ஏமன் நாட்டில், சூபி ஞானியரிடையே நிலைபெற்றது. இரவு வழிபாட்டின்போது உறக்கத்தை விலக்க அவர்கள் இதனைப் பருகினர். அக்காலத்தில் கொட்டையைப் பொடியாக்கியவை உரலும் உலக்கையுமே. எத்தியோப்பிய இல்லங்களில் விருந்தினர் முன்னிலையிலேயே கொட்டையை வறுத்து, உரலில் இடித்து, காப்பி வைத்துத் தரும் சடங்கு இன்றும் வழங்குகிறது.

காப்பி துருக்கியரிடம் சென்றபோது உரலோடு கைத்திருகும் சேர்ந்தது. நீண்ட உருளை வடிவினதாய்ப் பித்தளையால் ஆனது அது. உச்சியில் கைப்பிடி, உள்ளே இரும்புப் பற்கள். மேற்பகுதியில் கொட்டையை இட்டுச் சுற்றினால் கீழ்ப்பகுதியில் பொடி சேரும். துருக்கிக் காப்பியை வடிகட்டும் வழக்கம் இல்லை. பொடி நீரோடு சேர்ந்தே கொதிக்கும்; கோப்பையின் அடியில் மண்டியாய்த் தங்கும். ஆகவே பொடி மாவைப் போல் நுண்ணியதாக இருத்தல் வேண்டும். காப்பி வைக்கும் முறை எதுவோ, அதுவே பொடியின் பதத்தை முடிவு செய்கிறது என்பது இவ்வரலாற்றின் முதற் பாடம்.

நம் நாட்டுக்குக் காப்பி வந்த கதை அன்பர்கள் அறிந்ததே. பாபா புதன் என்னும் சூபிப் பெரியார் 1670ஆம் ஆண்டை ஒட்டி அரபு நாட்டிலிருந்து ஏழு கொட்டைகளை மறைத்துக் கொணர்ந்து, மைசூர்ச் சீமையின் சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபு வழிச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1652இல், லண்டன் மாநகரில் முதற் காப்பிக் கடை திறக்கப்பட்டுவிட்டது.

வார்ப்பிரும்பின் காலம்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காப்பி வீட்டுக்கு வீடு பரவியபோது அரைக்கும் கருவியும் தொழிற்சாலைப் பொருளாயிற்று. அமெரிக்காவில் காப்பி அரைக்கும் கருவிக்கு முதற் காப்புரிமை 1798இல் தாமஸ் பிரஃப் என்பவருக்குக் கிடைத்தது. அவர் ஒரு பல் மருத்துவர். பற்களின் வேலையை அறிந்தவர் அரவைக் கருவியில் நாட்டம் கொண்டது பொருத்தமே.

பிரான்சில் பெஜோ குடும்பத்தார் 1840இல் காப்பி அரைக்கும் பெட்டியைச் செய்யத் தொடங்கினர். இரம்பம், எஃகுச் சுருள் முதலியவற்றைச் செய்து எஃகின் இயல்பை நன்கறிந்தவர்கள் அவர்கள். மோட்டார் வண்டிகளால் பெஜோ என்னும் பெயர் உலகெங்கும் பரவுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே அப்பெயர் சமையலறைகளில் வழங்கியது. சதுரமான மரப்பெட்டி, மேலே கிண்ணமும் கைப்பிடியும், கீழே பொடி விழும் சிறு இழுப்பறை என்னும் அமைப்பு எங்கும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஹோபார்ட் நிறுவனத்தார் கடைகளில் வைக்கும் அரவை இயந்திரத்தில் மின் மோட்டாரைப் பொருத்தினர். அன்று முதல் கடைக்காரரே அரைத்துக் கொடுக்கும் வழக்கம் பெருகியது.

நம் தமிழகத்திலும் இதே வரிசையில் மாறுதல்கள் நிகழ்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நடுத்தரக் குடும்பங்களில் காப்பி இடம்பிடித்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி தமது 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் எழுதியுள்ளார். அக்கால வீடுகளில் கொட்டையை வாங்கிக் கரி அடுப்பில் வறுத்து, மேசை விளிம்பில் திருகி இறுக்கிய வார்ப்பிரும்பு மிஷினில் கையால் சுற்றி அரைத்தனர். சுற்றும் வேலை பெரும்பாலும் வீட்டுச் சிறுவர்களுக்கே வந்து சேரும். பின்னர்த் தெருமுனையில் காப்பிப் பொடிக் கடை வந்தது. 'பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி, சிக்கரி நூற்றுக்கு இருபது' என்று சொன்னால் நம் கண்ணெதிரே அரைத்துக் கொடுப்பார்கள். வீட்டு மிஷின் பரணுக்கு ஏறியது.

இதனால் நமக்குப் பெரிய நட்டம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. பில்டரில் நீர் தன் கனத்தால் மட்டுமே மெல்ல மெல்ல இறங்குகிறது. டிகாக்ஷன் சொட்டி முடியக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பொடியில் சற்றுப் பருமனும் நுண்மையும் கலந்திருந்தாலும் அந்த நீண்ட நேரம் குறைகளை ஓரளவு சமன் செய்துவிடும். சிக்கரி மேலும் கைகொடுக்கும். நம் பில்டர் பொறுமை மிக்க கருவி. அப்பொறுமைக்குப் பழகியதாலேயே, பொறுமையற்ற மற்றொரு கருவி வீட்டுக்குள் வந்தபோது நாம் திகைக்கிறோம். அக்கருவி பிறந்த இத்தாலி நாட்டுக்கு இனிச் செல்வோம்.

இத்தாலியில் நீராவி

நீராவி எஞ்சின்கள் உலகை ஆண்ட காலம் அது. தூரின் நகரத்தில் 1884இல் நடைபெற்ற பொருட்காட்சியில் ஆஞ்செலோ மோரியோந்தோ என்பவர் நீராவியால் விரைந்து காப்பி வடிக்கும் இயந்திரம் ஒன்றைக் காட்டிக் காப்புரிமையும் பெற்றார். அது பல பேருக்கு மொத்தமாய்க் காப்பி வடிப்பது. மிலான் நகரத்து லூயிஜி பெத்ஸேரா 1901இல் பெற்ற காப்புரிமையில்தான் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, கேட்டவுடன் வடித்துத் தரும் அமைப்பு உருவாயிற்று. பொடியை ஒரு கைப்பிடிக் கிண்ணத்தில் இட்டு இயந்திரத்தில் பூட்டுவது அம்முறை. அவ்வுரிமையை வாங்கிய தெஸிதேரியோ பவோனி 1905 முதல் இயந்திரங்களைச் செய்து விற்றார்.

எஸ்பிரஸோ என்னும் இத்தாலியச் சொல்லுக்குப் பிழிந்தெடுத்தது என்பது ஒரு பொருள். கேட்டவருக்கென்றே செய்தது என்றும், விரைவானது என்றும் பொருள் கொள்வர். நம் எக்ஸ்பிரஸ் வண்டிக்கும் இதற்கும் வேர்ச்சொல் ஒன்றே. லியோனெத்தோ காப்பியெல்லோ என்னும் ஓவியர் 1922இல் விக்டோரியா ஆர்துயீனோ நிறுவனத்துக்கு வரைந்த விளம்பரப் படம் புகழ் பெற்றது. இரயில் வண்டியின் ஜன்னலிலிருந்து ஒருவர் உடலை வெளியே நீட்டி, காப்பி இயந்திரத்திலிருந்து கோப்பையில் காப்பி பிடிக்கும் காட்சி அது. இரயில்வே விதிகளுக்கு முற்றிலும் புறம்பான செயல். ஆயினும் அக்கால மக்களின் வேக மோகத்தை இதைவிட நன்றாக எவரும் தீட்டியதாகத் தெரியவில்லை.

அந்த இயந்திரங்களில் நீரைத் தள்ளியது நீராவியின் அழுத்தமே. அது 1.5 முதல் 2 பார் வரையே இருந்தது. ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தம். இவ்வளவு சிறிய அழுத்தத்தால் மிக நுண்ணிய பொடியின் ஊடே நீரைச் செலுத்த இயலாது. ஆகவே பொடி சற்றுப் பருமனாகவே இருந்தது. அரவைக் கருவிக்கும் கடுமையான சோதனை எதுவும் இல்லை. காப்பியோ மிகுந்த சூட்டால் சற்றுக் கருகிய சுவையுடன் வடிந்தது.

1938: பிரிந்த இரு பாதைகள்

காப்பியின் வரலாற்றில் 1938 ஒரு சந்திப்பு நிலையம். அவ்வாண்டில் இரண்டு தடங்கள் பிரிந்தன.

ஸ்விட்ஸர்லாந்தில் அவ்வாண்டு ஏப்ரலில் நெஸ்கபே என்னும் கரையும் பொடி விற்பனைக்கு வந்தது. காப்பியைத் தொழிற்சாலையிலேயே வடித்து உலர்த்திவிட்டதால் வீட்டில் அரைக்கவும் வேண்டாம், வடிக்கவும் வேண்டாம். அரவை என்னும் வேலையையே இல்லத்திலிருந்து அது நீக்கியது.

அதே ஆண்டில் மிலான் நகரத்துக் காப்பிக் கடைக்காரர் அக்கில்லே காஜியா, நீராவியின்றி வெந்நீரை அழுத்திச் செலுத்தும் அமைப்புக்குக் காப்புரிமை கோரினார். போருக்குப் பின், 1947இல், அவர் நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்ட இயந்திரத்தை அமைத்தார். நெம்புகோலை இழுத்து விட்டால் வில்லின் விசை நீரை 8 முதல் 10 பார் அழுத்தத்தில் பொடியின் ஊடே தள்ளும். கோப்பையின் மேல் பொன்னிற நுரைப் படலம் ஒன்று தோன்றியது. வாடிக்கையாளர் முதலில் அதனை அழுக்கு நுரை என ஐயுற்றனராம். அதற்குக் கிரேமா, அதாவது பாலேடு, என்று பெயரிட்டு அதையே சிறப்பாக விளம்பரம் செய்தார் காஜியா. இன்று நாம் எஸ்பிரஸோ என்று வழங்குவது இதனையே. நீராவியால் வடித்த பழைய காப்பி வேறு.

1961இல் ஃபயேமா நிறுவனத்தார் இ-61 என்னும் இயந்திரத்தை வெளியிட்டனர். அதில் மின் பம்பு 9 பார் அழுத்தத்தை இடையறாது தந்தது. நெம்புகோல் இழுக்கும் கைவலிமை தேவையற்றுப் போயிற்று. அழுத்தம் உயர உயர, பொடியும் நுண்ணியதாகவும் ஒரே சீராகவும் இருக்கவேண்டியதாயிற்று. நெஸ்கபே அரவையை வீட்டிலிருந்து விலக்கியது. காஜியாவின் நெம்புகோல் அதனைக் காப்பிக் கடையின் தலையாய பொறுப்பாக்கியது. இத்தாலியில் எஸ்பிரஸோவுக்கென்றே அரவை இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் புகழ் பெற்ற மாத்ஸர் 1948இல் தொடங்கியது.

இவ்விரு தடங்களும் நம் வடநாட்டில் வேடிக்கையாக மீண்டும் கூடின. இங்குத் திருமணப் பந்தல்களில் 'எஸ்பிரஸோ' என்று வழங்கும் பானத்தை நாம் அனைவரும் பருகியிருக்கிறோம். கரையும் பொடியையும் சர்க்கரையையும் பாலோடு சேர்த்து, நீராவிக் குழாயால் சீறச் செய்து நுரை எழுப்பி, மேலே கோக்கோ தூவித் தருவார்கள். குளிர்கால இரவில் அது இனிய பானமே. ஆயினும் கொட்டையும் இல்லை, அரவையும் இல்லை, பொடியின் ஊடே அழுத்தமும் இல்லை. பெயரளவில் மட்டுமே அது எஸ்பிரஸோ.

9 பார் அழுத்தத்தில் பொடியின் வேலை

அரவைக்கு இத்தனை முதன்மை ஏன் என்பதைச் சிறிது கணக்கால் விளக்குகிறேன். ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். கால் மில்லிமீட்டராக வெட்டினால் 240. நீர் தொடுவது மேற்பரப்பை. ஆகவே துகள் சிறுக்கச் சிறுக்கச் சத்து விரைந்து இறங்கும். எஸ்பிரஸோவில் நீருக்குக் கிடைக்கும் நேரம் 25 முதல் 30 விநாடியே. பில்டர் கால் மணியில் செய்வதை இது அரை நிமிடத்துக்குள் செய்து முடிக்கவேண்டும்.

துகள்கள் ஒரே சீராக இல்லாவிட்டால் நேர்வது யாது? பருத்த துகளின் உட்பகுதி நனையுமுன் வேலை முடிந்துவிடும், அதனால் புளிப்பு. மிக நுண்ணிய துகளில் வேண்டாத சத்தும் இறங்கிவிடும், அதனால் கசப்பு. இரண்டும் ஒரே கோப்பையில் கூடுவதும் உண்டு. மேலும் பொடி எங்கே நெகிழ்ந்திருக்கிறதோ அங்கே நீர் வழி உண்டாக்கிக்கொண்டு பாயும். வரப்பில் நண்டு வளை இருந்தால் பாத்தி முழுவதும் நனையாமல் நீர் அவ்வழியே ஓடிவிடுவது போன்றது இது.

மற்றொன்றையும் நினைவில் இருத்தவேண்டும். 9 பார் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 130 பவுண்டு. நம் இருப்புப்பாதையில் ஓடிய டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினின் கொதிகலன் அழுத்தம் 210 பவுண்டு. அதில் பாதிக்கு மேற்பட்ட அழுத்தம், உள்ளங்கை அளவுள்ள கிண்ணத்தில் உண்டாக வேண்டும். அதனைப் பம்பு தனியே உண்டாக்க முடியாது. எதிர்த்து நிற்கும் பொடி இருந்தால்தான் அழுத்தம் ஏறும். பொடி பருமனாய் இருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்திலும் நீர் தடையின்றி ஓடிவிடும். நுண்மை மிகுந்தால் சொட்டு சொட்டாய் நின்றுவிடும். இவ்விரு நிலைகளுக்கும் இடையிலுள்ள வேற்றுமை கூந்தல் இழையின் பருமனினும் சிறியது.

நுண்மையே நன்மை என்று கருதிவிடவும் கூடாது. கணித அறிஞரும் வேதியியல் அறிஞரும் கூடி நடத்திய ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. அளவு மீறி நுண்ணியதாய் அரைத்தால் நீர் சீராகப் பாயாது, சற்றே பருமனாக்கினால் கோப்பைக்குக் கோப்பை சுவை மாறாதிருக்கும் என்பது அதன் முடிவு.

இல்லத்துக்கு வந்த எஸ்பிரஸோ

நம் நாட்டில் காப்பி பயிரிடுவோர் விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்புக்கே அளிக்கவேண்டும் என்ற ஏற்பாடு 1940களிலிருந்து நீண்டகாலம் நடைமுறையில் இருந்தது. 1990களில் அது படிப்படியாகத் தளர்ந்து நீங்கியது. 1996இல் பெங்களூரில் கபே காபி டேயின் முதற் கடையும், 2000இல் தில்லியில் பரிஸ்தாவின் கடையும் திறந்தன. 2012இல் ஸ்டார்பக்ஸ் மும்பைக்கு வந்தது. இளைஞர் எஸ்பிரஸோவை அறிந்தது இக்கடைகளில்தான். இன்று சிக்மகளூர், குடகு, ஏற்காடு முதலிய மலைத் தோட்டங்களின் கொட்டைகள், வறுத்த தேதி அச்சிட்ட பைகளில் அஞ்சல் வழியே நம் காலனி வரை வருகின்றன. ஊரிலிருந்து வருவோர் பெட்டியில் பொடி கொண்டுவரும் நாளுக்காகக் காத்திருந்த நிலை மாறிவிட்டது. நல்ல கொட்டை கிடைக்கிறது, இயந்திரமும் வந்துவிட்டது. இடையில் நிற்பது அரவை ஒன்றே.

எதை வாங்குவது?

முதலாவதாக, உள்ள இயந்திரத்தின் கைப்பிடிக் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளேயிருக்கும் சல்லடையின் அடியில் நூற்றுக்கணக்கான துளைகள் நேரே தெரிகின்றனவா? அல்லது இரட்டை அடி அமைந்து, வெளிப்புறம் ஊசிமுனை போன்ற ஒரே துளை உள்ளதா? ஒற்றைத் துளை இருப்பின் அது கடைப்பொடிக்கென அமைந்தது. அழுத்தத்தைப் பொடிக்குப் பதிலாக அத்துளையே உண்டாக்கும். அதில் வரும் நுரையும் அத்துளையின் வேலையே. அச்சல்லடையை வைத்துக்கொண்டு உயர்ந்த அரவை மிஷின் வாங்குவதில் பயன் குறைவு. அவ்வளவுக்கேற்ற சாதாரணச் சல்லடை பல இயந்திரங்களுக்குச் சிறு விலையில் தனியே கிடைக்கும். முதற் செலவு அதுவாக இருக்கட்டும். பத்தில் ஒரு கிராம் வரை காட்டும் சிறு தராசு இரண்டாவது செலவு. 18 கிராம் பொடிக்கு 36 கிராம் காப்பி, 25 முதல் 30 விநாடிக்குள் வடிவது தொடக்கத்துக்கு ஏற்ற அளவு. நிறுக்காமல் இதனை அறிய வழியில்லை.

இரண்டாவதாக, கத்தி சுழலும் மிக்ஸியையும், அதே அமைப்புள்ள சிறு மின் அரவையையும் எஸ்பிரஸோவுக்குக் கருதவே வேண்டாம். அவை அரைப்பதில்லை, வெட்டிச் சிதறடிக்கின்றன. மாவும் குருணையும் ஒருங்கே கிடைக்கும். பரணிலுள்ள பழைய கைமிஷினும் இதற்கு உதவாது. அதன் அச்சு சற்று ஆடும். டிகாக்ஷனுக்கு அந்த ஆட்டம் பொருட்டன்று. ஆயினும் அதனை விற்றுவிடாதீர்கள். எஸ்பிரஸோவுக்கென வாங்கும் கருவியைப் பில்டர் பொடிக்காக அடிக்கடி மாற்றித் திருப்பினால், ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்கு மீள்வதற்கே கொட்டை வீணாகும். பழையது டிகாக்ஷனுக்கும் புதியது எஸ்பிரஸோவுக்கும் எனப் பிரித்துக்கொள்வது சிக்கனம். சிக்கரி புதியதன் அருகிலும் வரவேண்டாம்.

மூன்றாவதாக, குறைந்த பணத்தில் நிறைந்த பலன் தருவது நல்ல கைத்திருகே. தைவான், சீனா, ஜெர்மனி முதலிய நாடுகளில் செய்யப்படும் இக்காலக் கைத்திருகுகள் பழைய துருக்கிக் கருவியின் வழித்தோன்றல்களே. வடிவமும் ஏறக்குறைய அதுவே. ஆனால் உள்ளே கூர்மையாகக் கடைந்த எஃகுக் கூம்பும், அச்சு ஆடாமல் தாங்கும் பால் பேரிங்குகளும் உள்ளன. மோட்டாருக்குச் செல்லும் பணம் முழுவதும் அரைக்கும் பற்களுக்கே செல்வதால், மின் அரவைக்கு ஆகும் விலையில் ஒரு பகுதியிலேயே அதற்கு ஒப்பான பொடி கிடைக்கிறது. வாங்குமுன் ஒன்று கேட்கவேண்டும்: திருகாணியை ஒரு படி திருப்பினால் பற்கள் எவ்வளவு நகரும்? 20 மைக்ரானுக்கு மேற்படாதிருந்தால் நன்று. படிகள் பெரியனவாயின், ஒரு படியில் காப்பி ஓடும், அடுத்த படியில் நின்றுவிடும், இடைநிலை கிட்டாது.

நான்காவதாக, வீட்டில் எத்தனை கோப்பை என்பதை எண்ணுங்கள். இருவர் காலையில் ஒரு கோப்பை பருகுவதாயின் கைத்திருகு போதும். ஆறு பேர் இரு வேளை பருகும் கூட்டுக் குடும்பத்தில் சுற்றுபவர் கை ஓய்ந்துவிடும். அந்தக் கை பெரும்பாலும் இல்லத்தரசியின் கையாகவே முடியும். அங்கு மின் அரவையே தகும். அதில் தட்டையான இரு வளையங்கள் எதிரெதிரே அமைந்தவையும், கூம்பு அமைந்தவையும் உண்டு. இரண்டிலும் நல்லவை உள்ளன. எஸ்பிரஸோவுக்குத் தேவையான நுண் படிகளையும், மற்ற முறைகளுக்கான பரும் படிகளையும் ஒரே கருவியில் அமைத்த பராட்ஸா என்கோர் ஈ.எஸ்.பி. போன்றவை 2023 முதல் கிடைக்கின்றன. எதனை வாங்கினாலும் ஒரு சோதனை செய்க. பற்களை மேன்மேலும் நெருக்கி அரைத்தால், சாதாரணச் சல்லடையில் காப்பி அறவே நின்றுபோகும் நிலை வரவேண்டும். அந்நிலைக்கு வர இயலாத கருவி எஸ்பிரஸோவுக்கு உரியதன்று. அங்கிருந்து சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டு வந்தால் உரிய இடம் கிடைக்கும்.

ஐந்தாவதாக, அமெரிக்காவிலுள்ள மக்கள் அன்போடு வாங்கி வருவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. அந்நாட்டுக்கெனச் செய்த மின் அரவையை நேரே இங்குச் செருகினால் மோட்டார் கருகிவிடும். தக்க டிரான்ஸ்பார்மரின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டால் மலிவு மறைந்துபோகும். கைத்திருகுக்கு இத்தொல்லை இல்லை. அதனையே கொண்டுவரச் சொல்லலாம்.

ஆறாவதாக, மூடப்பட்ட காப்பிக் கடைகளின் பழைய அரவை இயந்திரங்கள் விலைக்கு வருவதுண்டு. அவை உழைப்பாளிகள், பற்கள் பெரியன. ஆனால் பற்கள் தேய்ந்திருப்பின் மாற்றுப் பற்கள் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். உயரம் நம் குவார்ட்டர்ஸ் அலமாரிக்குள் அடங்குமா என்று அளந்து பாருங்கள். அவற்றின் உட்பாதையில் முன்னாள் பொடி சில கிராம் தங்கிவிடும் என்பதையும் அறிந்து வாங்குங்கள்.

அரைக்கையில் பொடி மின்னேற்றம் கொண்டு பாத்திரத்தில் ஒட்டிச் சிதறுவதைப் பலரும் குறையாகக் கூறுகின்றனர். அரைப்பதற்கு முன் கொட்டையின் மேல் ஓரிரு துளி நீர் தெளித்துக் கலந்தால் இது பெரிதும் அடங்கும். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக அறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2023இல் உறுதி செய்தனர். செலவே இல்லாத சீர்திருத்தம் இது.

முடிவுரை

இயந்திரத்துக்கு இடும் பணத்துக்குக் குறையாத பணத்தை அரவைக்கு இடவேண்டும் என்பது எஸ்பிரஸோ அன்பர்களிடையே வழங்கும் பழமொழி. நல்ல கைத்திருகைத் தேர்ந்தால் அவ்வளவும் தேவைப்படாது. வரிசை மட்டும் மாறக்கூடாது: சல்லடை, தராசு, புதிதாய் வறுத்த கொட்டை, அதன்பின் அரவை. இவை அனைத்தும் ஒழுங்கான பின்னும் குறை இருந்தால் மட்டுமே இயந்திரத்தை மாற்றும் பேச்சு எழவேண்டும். பெத்ஸேரா, காஜியா என்னும் பெயர்களைப் பொறித்த இயந்திரங்கள் மேடையில் நின்று புகழ் பெற்றன. அருகில் ஓசையிட்டுக்கொண்டிருந்த அரவையே அவர்களின் கண்டுபிடிப்பைக் கோப்பையில் மெய்ப்பித்தது.

இறுதியாகச் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்முள் சில வீடுகளில் நல்ல அரவைக் கருவிகள் இப்போதே உள்ளன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவற்றைச் சங்கக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வாங்க எண்ணுவோர் தம் கையால் அரைத்து, வடித்து, பருகிப் பார்க்க வாய்ப்பளித்தால் எத்தனையோ குடும்பங்களின் பணம் மிஞ்சும். அயலூரில் வாழும் நமக்கு ஒருவர் அனுபவம் மற்றவர்க்கு உதவுவதைக் காட்டிலும் சங்கத்தால் வேறு பெரும் பயன் யாது? முதற் கூட்டத்துக்கு டிகாக்ஷன் போட்டுக் கொண்டுவரும் பொறுப்பை அடியேன் ஏற்றுக்கொள்கிறேன். எஸ்பிரஸோ வேண்டாதாரும் வரவேண்டும் அல்லவா?